முன்பல்லில் நகம்

கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், உள்ளே கூப்பிடுகிறவரைக்கும் மூக்கைச் சொறியக்கூடாது, முடியை ஒதுக்கக்கூடாது, வாயருகே கையைக் கொண்டுபோகவே கூடாது என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் வேலுத்தாய்க்கு நன்றாகத்தான் நினைவிருந்தது. கை கேட்டால்தானே. காப்பகத்து வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்ததிலிருந்து வலது கை எத்தனை தடவை முகத்துக்குப் போய்விட்டது, அத்தனை தடவையும் பக்கத்தில் இருந்த பியூலா பார்த்துவிட்டாள், ஆனாலும் நல்ல பிள்ளை, பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். வேலுத்தாய்க்குக் காது கேட்காது, பியூலா காது கேட்கிறவள். அவளைப் பெற்றவர்கள் இரண்டு பேருமே காது கேளாதவர்கள், அதனால் வாய்ப்பேச்சு வருவதற்கு முன்னாலேயே அவளுக்குக் கைப்பேச்சு வந்துவிட்டது. உள்ளே ஆபீஸர் அம்மா வாயால் கேட்பதைப் பியூலா சைகையில் வேலுத்தாயிடம் கொடுப்பாள், வேலுத்தாய் அதை உடைத்து, பிசைந்து, உள்ளே இருக்கிற காது கேளாத ஆளுக்கு எட்டுகிற மாதிரி ஆக்கிக் கொடுக்க வேண்டும், அவன் சொல்வது அதே வழியில் திரும்பி வர வேண்டும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத, ஒரு சைகைகூட யாரும் சொல்லிக்கொடுக்காத ஆட்களிடம் காது கேட்கிறவர் எவ்வளவு படித்துவிட்டு வந்தாலும் பாச்சா பலிக்காது, காது கேளாத ஒருத்தர் நடுவில் நிற்க வேண்டும், அதற்குத்தான் இப்படி ஒரு படிப்பு. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கி அடுக்கி விரல் தேய்ந்த பிறகு, நாற்பதைத் தாண்டி, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்தாயிற்று. இன்றைக்குக் கடைசிப் பரீட்சை. வகுப்பு எடுத்த, மார்க்கும் போடுகிற ஹெப்சிபா, அவளும் காது கேளாதவள்தான், உள்ளே போய் மூலையில் உட்கார்ந்துவிட்டாள்.

காலையில் பஸ்ஸில் வரும்போதுதான் பியூலா விஷயத்தைச் சொன்னாள், சொன்னாள் என்றால் கையால்தான், முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆண், காது கேளாதவர், நாற்பத்தைந்து வயது மதிக்கலாம், பேர் தெரியாது, ஊர் தெரியாது, பஸ் ஸ்டாண்டில் கிடந்தவரைக் கூட்டி வந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு கையையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம், சாப்பாட்டுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கிறாராம். பேரும் ஊரும் வாங்கினால் போதும் அக்கா, என்றாள். அப்போதிருந்து வேலுத்தாய் அந்த வயதையே திருப்பித் திருப்பிக் கணக்குப் போடுகிறாள். நாற்பத்தைந்து. சின்ன வயதில் காணாமல்போன அண்ணன் சுடலைமணி இருந்தால் அவனுக்கும் அதுதான் வயது. இருந்தால். அந்த ஒரு வார்த்தை வந்ததும் மனசு அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது, வண்டி மாடு பாலத்தைக் கண்டு நிற்கிற மாதிரி, எவ்வளவு ஓட்டினாலும் அடுத்த அடி வைப்பதில்லை. எத்தனை பஸ் ஸ்டாண்டில், எத்தனை கோவில் வாசலில், எத்தனை அழுக்குச் சட்டைக்காரனின் முன்னால் போய் நின்றிருக்கிறாள். ஒருவன் கல்லை எடுத்து எறிந்தான். அதற்கெல்லாம் அசருகிறவளா. பிரச்சினை அதில்லை. அவளுக்கு அண்ணன் முகம் மறந்துபோய்விட்டது, அதுதான் வெட்கக்கேடு, அதைச் சொல்லி அழக்கூட முடியாது. ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒரே போட்டோவும் கூரை ஒழுகி வெளுத்துவிட்டது. கண்ணை மூடினால் கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை, சட்டை இருக்கிறது, கைகள் இருக்கின்றன. கைகள் மட்டும் நேற்றுப் பார்த்த மாதிரி இருக்கின்றன.

அந்தக் கைகள் பேசியது ஊர் உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் புரியும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் காது இல்லை, ஆத்தா பீடி சுற்றப் போய்விடுவாள், அய்யா கொத்துவேலை, பிறகு இரண்டும் என்னதான் செய்யும், தங்களுக்கென்று ஒரு பேச்சைக் கட்டிக்கொண்டன. பெருவிரலை ஆள்காட்டி விரலில் உருட்டினால் ஆத்தா. கையில் குச்சி பிடித்துத் தட்டித் தட்டி ஓட்டினால் சுடலைமணி, ஏனென்றால் எந்நேரமும் சைக்கிள் டயரை ஓட்டிக்கொண்டே திரிவான். வேலுத்தாய்க்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு, இன்றைக்கும் உண்டு. சுடலைமணி ஆள்காட்டி விரல் நகத்தால் தன் முன்பல்லை ஒரு தட்டுத் தட்டினால் அது வேலுத்தாய். ஏ வேலுத்தாயி வா, வேலுத்தாயி சோறு, வேலுத்தாயி மழை வருது ஓடு, எல்லாத்துக்கும் முதலில் அந்தத் தட்டு. காது கேளாதோர் பள்ளி ஹாஸ்டலில் சேர்ந்த பிறகு பிள்ளைகள் வேறு பேர் வைத்தார்கள், இரட்டைச் சடையை இழுத்துவிடுகிற சைகை, இன்றுவரை பியூலாவும் ஹெப்சிபாவும் எல்லோரும் அப்படித்தான் அவளைக் குறிப்பிடுகிறார்கள், பரவாயில்லை, அதுவும் பேர்தான். ஆனால் யோசனை வந்தால், பயம் வந்தால், விரல் தானாக மேலே போய்ப் பல்லைத் தட்டிவிடும். தன்னைத்தானே கூப்பிட்டுப் பார்த்துக்கொள்கிற பைத்தியம். கூப்பிட வேறு ஆள் இல்லாதபோது என்ன செய்வது. வகுப்பில் ஹெப்சிபா அதைக் கண்டுபிடித்து இரண்டு மாதம் திட்டித் தீர்த்தாள், இது என்ன பழக்கம், கை பேசுகிற கை, சும்மா ஒரு அசைவுகூட அர்த்தமாகிவிடும் என்று. அது பேர் என்று வேலுத்தாய் அவளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை.

ஹாஸ்டலுக்குப் போன நாள் வேறு எதற்கும் வழிவிடாமல் வந்து குறுக்கே நிற்கிறது. அய்யா புதுப் பாவாடை எடுத்துக் கொடுத்து பஸ்ஸில் ஏற்றினார். ஒரு பிள்ளையைத்தான் சேர்ப்பார்களாம், சுடலைமணிக்கு வயது கூடிவிட்டதாம், இதெல்லாம் அவள் பெரியவளான பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு இரண்டு பேருக்குமே ஒன்றும் தெரியாது. யார் சொல்வது, எந்தக் கையால் சொல்வது. சந்தைக்குப் போகிறாள் என்றுதான் அவன் நினைத்திருப்பான், டயரை ஓட்டிக்கொண்டே பஸ் கூட ஓடி வந்தான், பல்லைத் தட்டி, வாய்க்குக் கையைக் கொண்டுபோய், தின்ன ஏதாவது வாங்கிட்டு வா என்றான். அவளும் சரி சரி என்று தலையை ஆட்டினாள். லீவுக்கு வரும்போது பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்திருந்தான், தினமும் அங்கேதான் உட்கார்ந்திருப்பானாம். பள்ளிக்கூடத்துச் சைகைகளை அவனுக்குச் செய்துகாட்டினாள், அவன் ஒன்றுவிடாமல் அப்படியே திருப்பிச் செய்தான், தண்ணீர் என்றால் தண்ணீர், பள்ளிக்கூடம் என்றால் பள்ளிக்கூடம், முகமெல்லாம் சிரிப்பு, ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. தங்கச்சியைச் சந்தோஷப்படுத்த வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. அடுத்த லீவில் வந்தால் அவன் இல்லை. ஆத்தாவிடம் டயர் ஓட்டிக் காட்டிக் கேட்டாள். ஆத்தா பீடித் தட்டை இறக்கி வைத்துவிட்டு, உள்ளங்கையை ஒரு பக்கமாகக் கவிழ்த்தாள். அவ்வளவுதான். அந்தக் கவிழ்ப்பு என்ன, அதைத்தான் இத்தனை வருஷமாக வேலுத்தாய் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்க்கிறாள். போய்விட்டானா, பஸ் ஏறித் தேடிப் போய்விட்டானா, செத்துவிட்டானா, எனக்குத் தெரியாதடி என்றாளா. ஆத்தாவின் உதடு அன்றைக்கு அசைந்தது, அந்த உதட்டைப் படிக்க அவளுக்குத் தெரியவில்லை. இப்போது ஆத்தாவும் இல்லை, அய்யாவும் இல்லை. கவிழ்ந்த உள்ளங்கை மட்டும் ராத்திரி பகல் என்று பாராமல் வந்துகொண்டிருக்கிறது.

வராந்தாத் தரை லேசாக அதிர்ந்தது, சமையல்கட்டில் கிரைண்டர் போட்டிருப்பார்கள். பருப்பு வேகிற வாசனை. பியூலா அவள் முழங்கையைத் தொட்டு, இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமாம் அக்கா, என்றாள். நல்லதுதான், ஆகட்டும், ஆகாமலே போனாலும் நல்லதுதான். வகுப்பில் இரண்டு சட்டம் சொல்லிக்கொடுத்தாள் ஹெப்சிபா. இருபத்தாறு வயதுப் பெண், கோபம் மூக்கின் மேலே, ஆனால் படிப்பு தெரிந்தவள். முதல் சட்டம், எதிரில் இருப்பவர் ‘நான்’ என்றால் நீங்களும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘அவர் சொல்கிறார்’ என்பதெல்லாம் கிடையாது, அங்கே நீங்கள் இல்லை. ஒரு தடவை ஒரு பையன் கொலைகாரனாக நடித்தான், நான்தான் குத்தினேன் என்று வேலுத்தாய் தன் கையால் சொல்ல வேண்டியதாகிவிட்டது, வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு கழுவென்று கழுவினாள், சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டாவது சட்டம்தான் இன்றைக்குக் கழுத்தைப் பிடிக்கிறது. மொழியே இல்லாதவர் முன்னால் உங்கள் சைகையைத் திணிக்காதீர்கள், அவர் கையிலிருந்து எடுங்கள். அப்படிப்பட்டவர் நீங்கள் காட்டியதை எல்லாம் திருப்பிக் காட்டுவார், ஆமாம் என்றால் ஆமாம் என்பார், உங்களுக்கு வேண்டியதை நீங்களே அவர் கையில் வைத்து நீங்களே எடுத்துக்கொண்டு வருவீர்கள், அதற்குப் பேர் மொழிபெயர்ப்பா என்று கேட்டாள். உள்ளே இருப்பவன் முன்னால் போய் நின்று ஒரே ஒரு தடவை பல்லைத் தட்டினால் போதும், சுடலைமணியாக இருந்தால் எழுந்துவிடுவான். ஆனால் யாராக இருந்தாலும் திருப்பித் தட்டுவான். கேட்டால் பதில் கெட்டுப்போகிறது, கேட்காவிட்டால் பதிலே இல்லை. இந்தச் சட்டத்தை எழுதினவனுக்குக் காணாமல்போன அண்ணன் இருந்திருக்க மாட்டான். இருந்தாலும் சட்டம் சரிதான், அதுதான் எரிச்சல். கேட்கமாட்டேன். அவனாகவே கையை எடுக்கட்டும், டயரை ஓட்டட்டும், பீடியை உருட்டட்டும், எதையாவது செய்யட்டும், நான் கேட்கமாட்டேன். கை மறுபடியும் வாய்க்குப் போயிருந்தது. இறக்கித் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

கூப்பிட்டார்கள். சின்ன அறை, ஜன்னலில் பச்சைத் திரை, மேஜைக்குப் பின்னால் ஆபீஸர் அம்மா, சுவரோரம் காப்பகத்து ஆயா, மூலையில் ஹெப்சிபா. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவன். முடி வெட்டி விட்டிருந்தார்கள், தாடி முள்முள்ளாக நரைத்திருந்தது. கன்னம் ஒட்டிய, கண் உள்ளே போன, எந்தத் தெருவிலும் பார்க்கிற ஒரு முகம், அதில் சுடலைமணியும் இருக்கலாம், வேறு யாரும் இருக்கலாம். வேலுத்தாய்க்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது, கூடப் பிறந்தவன் முகம் தெரியாதவள் ஒரு பிறவியா. கைகள் கக்கத்துக்குள். அவன் எதிரே உட்கார்ந்து, கண்ணுக்குக் கண் வைத்து, அவசரப்படாமல் ஆரம்பித்தாள். ஸ்டியரிங் பிடித்து ஓட்டிக் காட்டினாள், ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, எங்கிருந்து என்று புருவத்தை உயர்த்தினாள். பார்த்தான். மலை காட்டினாள், கடல் காட்டினாள், நெல் அறுத்தாள், பார்த்தான். சாப்பாடு, மழை, தூக்கம். தன் சைகை ஒன்றும் அதில் இல்லை, எல்லாம் எவனுக்கும் பொதுவானது, அந்த மட்டில் சட்டத்தை மீறவில்லை. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான், கை வெளியே வரவில்லை. கக்கத்து மடிப்பில் ஒரு கட்டைவிரலின் நுனி மட்டும் தெரிந்தது, நகம் கறுத்து வளைந்திருந்தது, அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வா, வெளியே வா. ஒரு தடவை உருட்டு. ஒரு தடவை ஓட்டு. ஆத்தாவின் உள்ளங்கை அவள் கண்முன் மெதுவாகக் கவிழ்ந்தது.

அப்போது பியூலாவின் தலை வாசல் பக்கம் திரும்பியது, ஆபீஸர் அம்மாவும் திரும்பினாள், ஆயா எழுந்தே விட்டாள், சமையல்கட்டில் ஏதோ பாத்திரம் விழுந்திருக்க வேண்டும். காது கேட்கிறவர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் காது கேளாதவர் கண்ணும் அந்தப் பக்கம் போய்விடும், சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், அவர்கள் பார்வைதான் நமக்குக் காது. வேலுத்தாயும் திரும்பினாள், ஹெப்சிபாவும் திரும்பினாள். ஒன்றுமில்லை, வெறும் வாசல். மறுபடி இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் அவன் வலது கை வெளியே இருந்தது. ஆள்காட்டி விரல் நகம் அவன் முன்பல்லில் இருந்தது. தட்டினான். இன்னொரு தடவை தட்டினான். வேலுத்தாய் எழுந்து அவன் தலையைக் கட்டிக்கொள்ளத்தான் இருந்தாள், அப்போதுதான் தன் உதட்டில் ஏதோ ஈரமாகப் படுவது தெரிந்தது. அவள் விரல். அவள் விரலும் அங்கேதான் இருந்தது. எப்போது போனது, திரும்பும்போதே போய்விட்டதா, அவன் தட்டியதைப் பார்த்த பிறகு போனதா. யார் முதலில். பியூலா பார்க்கவில்லை, ஹெப்சிபா பார்க்கவில்லை, ஆயா வாசலில் நிற்கிறாள், பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். யோசி, யோசி. பயந்தால் போகிற கைதானே. பயந்தாயா. பயந்தேன். அப்படியானால் நான்தான். இல்லை, திரும்பும்போது கை மடியில் இருந்தது, மடியின் சூடு விரலில் நினைவிருக்கிறது. அது அதற்கு முந்தின நினைவா. அப்படியே காப்பியடித்திருந்தாலும் காப்பியடிப்பதும் சுடலைமணியின் பழக்கம்தானே, தங்கச்சி செய்ததையெல்லாம் திருப்பிச் செய்கிறவன்தானே அவன். கடவுளே, எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

ஹெப்சிபா மூலையிலிருந்து கையை அசைத்து அவளைக் கூப்பிட்டாள். பரீட்சையில் அவள் இப்படிக் குறுக்கிட மாட்டாள், ஆனாலும் கேட்டாள், முகத்தில் கோபமே இல்லை.

“அந்தச் சைகை அவர் கையிலிருந்து வந்ததா, உங்க கையிலிருந்து போனதா?”

பொய் சொல்ல ஒரு கணம் போதும். அவர் கையிலிருந்துதான், இவர் என் அண்ணன், எனக்கு இவர் வைத்த பேர் அது என்று சொல்லிவிட்டால் முடிந்தது, கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போடலாம், இனி எந்த பஸ் ஸ்டாண்டிலும் நிற்க வேண்டாம். நீ சுடலைமணியா என்று கேட்டால் இவனும் ஆமாம் என்று தலையாட்டுவான், நீ ராஜாவா என்றாலும் ஆட்டுவான். பிறகு இவனைத் தேடிக்கொண்டு எங்கோ ஒரு நிறுத்தத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தால், அவளிடமிருந்து இவனைத் திருடிய மாதிரி ஆகாதா. தெரியலை, என்றாள் வேலுத்தாய். ஹெப்சிபா எழுந்து வந்து, அவன் பார்க்கும்படி தன் காது மடலைப் பிடித்து இழுத்துக் காட்டினாள், காப்பியடிக்கிறவனா என்று பார்க்கத்தான். அவன் சும்மா பார்த்தான். காதைத் தொடவில்லை. நகத்தைப் பல்லிலேயே வைத்துக்கொண்டு வேலுத்தாய் பக்கம் திரும்பிவிட்டான். ஹெப்சிபா உதட்டைப் பிதுக்கினாள், இதை வைத்தும் ஒன்றும் சொல்ல முடியாது என்று அர்த்தம். இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆபீஸர் அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, பாவம், அவளுக்கு மத்தியானத்துக்குள் முடித்தால் போதும். பேரைக் கேட்கச் சொன்னாள். பியூலா கொடுத்தாள், வேலுத்தாய் வாங்கினாள். ஹெப்சிபாவைக் காட்டி அவள் கன்னத்துக் குழியைத் தொடுகிற சைகை, பியூலாவைக் காட்டி அவள் கண்ணாடியைத் தள்ளிவிடுகிற சைகை, தன்னைக் காட்டி இரட்டைச் சடை. இவள் இது, அவள் அது, நான் இது. பிறகு வலது கை விரலை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டிப் புருவத்தை உயர்த்தினாள், இடது கை தொடைக்கு அடியில் பத்திரமாக இருந்தது. அவன் அந்த விரலையே பார்த்தான். அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது, ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாத, யாரையோ சந்தோஷப்படுத்தப் பார்க்கிற சிரிப்பு. உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்தான். பிறகு முன்பல்லை நகத்தால் ஒரு தட்டுத் தட்டினான்.

இந்தத் தடவை வேலுத்தாயின் இரண்டு கையும் எங்கே இருந்தன என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் என்ன, அந்தத் தட்டு அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. பியூலா அவளையே பார்த்துக் காத்திருந்தாள். ‘அவர் சொல்கிறார்’ கூடாது. அங்கே நீங்கள் இல்லை. வேலுத்தாய் பியூலா பக்கம் திரும்பி உட்கார்ந்து, உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்து, என் பேர், என்றாள். பிறகு அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஒளிக்காமல், நாலு பேர் பார்க்க, பல்லைத் தட்டினாள்.

பியூலா அதை ஆபீஸர் அம்மாவுக்குச் செய்துகாட்டினாள், வாயால் சொல்ல அதற்கு வார்த்தை இல்லையே. ஆபீஸர் அம்மா சிரித்துக்கொண்டே, சரியா என்று கேட்கிற மாதிரி, அவனைப் பார்த்துத் தன் பல்லைத் தட்டினாள். ஹெப்சிபா தட்டினாள். ஆயாவுக்கு ஒரே சந்தோஷம், இனிமேல் சாப்பாட்டுக்குக் கூப்பிட ஒரு பேர் கிடைத்துவிட்டது, கிட்டே போய்க் குனிந்து தட்டித் தட்டிக் காட்டினாள், அவனும் திருப்பித் தட்டினான். எல்லோரும் அவனைப் பார்த்துத்தான் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் வேலுத்தாய்தான் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.